கொல்லிமலை பிக்கப்பும் ஷேப்லி கணக்கும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம். (புடுங்கறது எல்லாமே தேவையில்லாத ஆணிதான்னு நீங்க சொல்றது காதுல விழுது.) இந்தப் பதிவும் ஒரு வகையில அந்த ஆணியைப் பத்தினதுதான். கொஞ்சம் நீளம், கொஞ்சம் கணக்கும் வரும். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன பலா சீசன்ல பெரியப்பா பையன் கூட கொல்லிமலை போயிருந்தேன். அண்ணன் சொந்தமா ஒரு பிக்கப் வச்சிருக்காரு. அடிவாரம் காரவள்ளியிலேர்ந்து மேல செம்மேடு, சோளக்காடு வரைக்கும் ஏறி, லோடு எடுத்துக்கிட்டு நாமக்கல், சேலம்னு இறங்கறதுதான் பொழப்பு. கீழ வரும்போது பலா, வாழை, அன்னாசி, மரவள்ளி, மிளகுன்னு ஏதாவது இருக்கும். மேல ஏறும்போது சிமெண்ட், மளிகை, உரம். ஆனா அது கிடைச்சாத்தான். பாதி நாள் எம்ட்டி.

கொல்லிமலை ரோடு தெரியாதவங்களுக்கு: மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. எதுக்க வண்டி வந்தா யாராவது ஒருத்தர் ஒதுங்கணும். மலை ரோட்டுல ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும்ங்கறது சட்டத்துலயே இருக்கற விதி. ஆனா அங்க சட்டத்தைப் பாத்து யாரும் ஓட்டல. ஒரு வளைவுல நாங்க ஏறிட்டு இருக்கோம், மேலேர்ந்து பலாப்பழம் ரொப்பின இன்னொரு பிக்கப் வருது. அந்த டிரைவர் பத்தடி ரிவர்ஸ் எடுத்து ஓரங்கட்டி, கையைக் காட்டி எங்களைப் போகச் சொன்னாரு. அண்ணன் ஒரு ஹாரன், அவர் ஒரு ஹாரன். அவ்ளோதான். போலீஸ் இல்ல, சிக்னல் இல்ல, சண்டை இல்ல. "நம்ம பையன்தான், பத்து வருசமா தெரியும்"னாரு அண்ணன்.

அதே டிரைவரை மறுபடி சாயங்காலம் சோளக்காட்டுல பாத்தோம். சந்தையில ஒரு வியாபாரி சேலத்துக்கு பலா லோடு அனுப்பணும்னு நின்னுட்டு இருந்தாரு. அண்ணன் 3,000 கேட்டாரு. நமக்கு வழி விட்டாரே, அதே "நம்ம பையன்", "நான் 2,600க்கு வர்றேனுங்க"ன்னாரு. அண்ணன் 2,300. இன்னொருத்தர் 2,200. கடைசியில அண்ணன் 2,000க்கு லோடு எடுத்தாரு. டீசல், சாப்பாடு, சில்லறைச் செலவுன்னு கையை விட்டுப் போறது 1,600. மிச்சம் 400. வண்டி டியூ, இன்சூரன்ஸ், டயர், எப்.சி. எல்லாத்தையும் டிரிப் கணக்குல பிரிச்சா இன்னொரு 1,000 வரும். அதாவது, நிஜத்துல 600 ரூபா நட்டம்.

"ஏண்ணா நட்டத்துக்கு எடுத்தீங்க?"

"எடுக்கலைன்னா நட்டம் ஆயிரம்டா தம்பி. வண்டி சும்மா நின்னாலும் டியூ சும்மா நிக்குமா?"

நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்ச எனக்கு யாரும் இதை இவ்ளோ சுருக்கமா சொல்லித் தந்ததில்ல.

காலையில வளைவுல அவ்ளோ அழகா ஒத்துழைச்ச அதே ஆளுங்க சாயங்காலம் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் அறுத்துக்கிட்டாங்க. மனுசங்க மாறல. ஆட்டம் மாறிடுச்சு. கேம் தியரி, தமிழ்ல ஆட்டக் கோட்பாடுன்னு சொல்ற சமாச்சாரம், இதைத்தான் பேசுது. வளைவுல நீங்க முரண்டு பிடிச்சா உங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது, ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டு நிப்பீங்க. அதனால ஒரு விதி வந்துட்டா அதை மீற யாருக்கும் ஆசை வராது. வாடகை பேசற இடத்துல அப்படி இல்ல. மத்தவன் 3,000ல நிக்கும்போது நீங்க 2,900 சொன்னா லோடு உங்களுக்கு. மத்தவன் இறங்கிட்டா நீங்களும் இறங்கியே ஆகணும். மத்தவன் என்ன செஞ்சாலும் உங்களுக்கு இறங்கறதுதான் லாபம். எல்லாரும் இறங்கினதும் எல்லாருக்கும் நட்டம். 1950ல அமெரிக்காவுல ரேண்ட் நிறுவனத்துல ரெண்டு பேர் யோசிச்ச இந்த ஆட்டத்துக்கு ஆல்பர்ட் டக்கர்ங்கற கணித மேதை ஜெயில் கதை ஒண்ணைச் சேர்த்து "கைதிகளின் குழப்பம்"னு பேர் வச்சாரு. சோளக்காட்டுக்கு வந்திருந்தா "பிக்கப் காரர் குழப்பம்"னு வச்சிருப்பாரு.

வாடகை எதுவரைக்கும் இறங்கும்? டீசல் காசு வரைக்கும். ஏன்னா டியூவும் இன்சூரன்சும் ஓடினாலும் ஓடலைன்னாலும் கட்டணும். டீசல் காசுக்கு மேல கிடைக்கிற ஒவ்வொரு ரூபாயும் "சும்மா நிக்கறதுக்கு இது பரவால்ல"தான். லாரி, கப்பல், விமானம் மூணுக்கும் இதே வியாதி. நிலையான செலவு பெருசு, கூட ஒரு லோடு ஏத்தறதுக்கான செலவு சிறுசு.

மலையை விட்டு இறங்கினா நாமக்கல். லாரிக்கும் முட்டைக்கும் பேர் போன ஊர். ஒத்த லாரி, ரெண்டு லாரி வச்சிருக்கற ஓனருங்கதான் நிறைய. வடக்க லோடு இறக்கிட்டு, ரிட்டர்ன் லோடுக்காக ஏதோ ஒரு புக்கிங் ஆபீஸ் வாசல்ல ரெண்டு நாள், மூணு நாள் ஹால்ட் போட்டு, கடைசியில "ஊர் போய்ச் சேர்ந்தா போதும்"னு கிடைச்ச வாடகைக்கு ஏத்திக்கிட்டு வர்ற கதையை அந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சோளக்காட்டுல நான் பாத்தது அதோட குட்டி மாடல்.

இங்க என் ஆணி வருது.

முன்னாடி நான் பொட்டி தட்டிக்கிட்டு இருந்த ஒரு கம்பெனியில லாரிக்கு லோடு பிடிச்சுக் குடுக்கற ஆப் பண்ணினோம். லோடு வச்சிருக்கறவங்க விவரம் போடுவாங்க, லாரிக்காரங்க வாடகை சொல்லுவாங்க, குறைச்சுச் சொன்னவருக்கு லோடு. தலைகீழ் ஏலம். அதுல ஒரு சின்ன வரி நான் எழுதினது: "இந்த லோடுக்கு மேலும் 11 வண்டிகள் காத்திருக்கின்றன." அந்த வரி வந்ததும் சொல்ற வாடகை சராசரியா குறைஞ்சுது. மீட்டிங்ல கை தட்டினாங்க, கேக் வெட்டினாங்க. நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்.

செம்மேட்டுல டீ குடிக்கும்போது அண்ணன் போனை நீட்டி, "இங்க பாரு, எப்பப் பாரு இன்னும் இத்தனை வண்டி நிக்குதுன்னு பயமுறுத்துது. எவன்டா இதையெல்லாம் எழுதறான்?"ன்னாரு.

நான் டீயைப் பாத்துட்டு இருந்தேன்.

அப்போலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கற கேள்விதான் இந்தப் பதிவு: லாரிக்காரங்க ஒத்துழைக்கணும்னா எதுல ஒத்துழைக்கணும்?

எல்லாரும் உடனே சொல்ற பதில், "சங்கம் வச்சு வாடகையை ஒரே ரேட்டா நிர்ணயம் பண்ணுங்க". எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. காரணம் நாமக்கல்லயே இருக்கு. 1982லேர்ந்து என்.இ.சி.சி.ன்னு முட்டைக்கு ஒரு ஒருங்கிணைப்புக் குழு இருக்கு. நாமக்கல் மண்டலத்துக்குன்னு விலை அறிவிக்கறாங்க, பேப்பர்லயும் வருது. ஆனா பண்ணைக்காரங்களைக் கேட்டா "மைனஸ்"னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அறிவிச்ச விலையிலேர்ந்து இத்தனை காசு கழிச்சுத்தான் வியாபாரி எடுப்பாரு. முட்டை தேங்கற நாள்ல மைனஸ் கூடும். அறிவிப்பு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். பண்ணையை நகர்த்த முடியாத முட்டைக்கே இப்படின்னா, இன்னைக்கு இங்க, நாளைக்கு இந்தூர்னு ஓடற லாரிக்கு யார் மைனஸைத் தடுக்கறது?

இன்னொண்ணு சட்டம். 2012 செப்டம்பர்ல டீசல் லிட்டருக்கு 5 ரூபா ஏறினப்போ, அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ் வாடகையை 15 சதவீதம் ஏத்தறதா அறிவிச்சாங்க. போட்டி ஆணையம் 2015ல அது தப்புன்னு சொல்லி அபராதம் போட்டுது. சேர்ந்து விலை வைக்கறது 2002ஆம் வருசத்துப் போட்டிச் சட்டப்படி குத்தம்.

மூணாவது, யூனியன் பலமான இடத்துல என்ன ஆச்சுன்னு பாருங்க. பஞ்சாப்ல வெளி வண்டி லோடு எடுக்க விடாம லாரி யூனியன்கள் தடுக்கறாங்கன்னு 2017ல அரசாங்கமே தனி விதி கொண்டு வந்து தடை பண்ணிச்சு. இமாச்சல்ல டார்லாகாட், பர்மானா சிமெண்ட் ஆலைகள்ல வாடகைத் தகராறு வந்து, 2022 டிசம்பர்லேர்ந்து 2023 பிப்ரவரி வரைக்கும் 67 நாள் ஆலையே மூடிக் கிடந்துது. அந்த லாரிக்காரங்க பக்கம் நியாயம் இல்லைன்னு சொல்ல வரல. ஆனா விலையை மட்டும் வச்சு ஒத்துழைச்சா எதிராளிக்கு மிச்சம் இருக்கற ஒரே பதில் கதவைச் சாத்தறதுதான்.

"அப்போ போட்டியே நல்லது, வாடகை குறைஞ்சா ஜனங்களுக்கு லாபம்தானே"ன்னு யாராவது பின்னூட்டத்துல வர்றதுக்கு முன்னாடி வ.உ.சி.யை ஞாபகப்படுத்திடறேன். 1906ல சுதேசி நாவாய்ச் சங்கம். தூத்துக்குடி - கொழும்பு ரூட்டு. வெள்ளைக்காரன் கம்பெனி கட்டணத்தை வெட்டிச்சு, சுதேசி கம்பெனியும் வெட்டிச்சு, கடைசியில அவன் ஓசியிலயே ஏத்திக்கிட்டு கையில ஒரு குடையும் குடுத்தான்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 1908ல வ.உ.சி. ஜெயிலுக்குப் போனாரு. 1911ல கம்பெனியைக் கலைச்சாங்க. குடை ரொம்ப நாளைக்கு வராது மக்களே. ரேட்டு வெட்டறதுல கடைசியில நிக்கறது ஆழமான பாக்கெட் வச்சிருக்கறவன் மட்டும்தான்.

சரி, விலையிலயும் வேண்டாம், வெட்டுக்குத்தும் வேண்டாம்னா வேற என்ன? எம்ட்டியா ஓடற வண்டி இருக்கே, அதுல கை வைக்கலாம். இப்ப கணக்கு.

(எண்கள் அண்ணன் செலவை வச்சு நான் ரவுண்டா போட்டது. கணக்குதான் முக்கியம்.)

மூணு வண்டி வச்சுக்கங்க. பலா வண்டி, வாழை வண்டி ரெண்டும் மலையிலேர்ந்து சேலத்துக்கு புல் லோடு இறக்கிட்டு எம்ட்டியா திரும்புது. மளிகை வண்டி, மலை மேல இருக்கற கடைகளுக்குச் சரக்கு எடுக்க எம்ட்டியா சேலம் இறங்கி, லோடோட ஏறுது. போக வர ஒரு டிரிப்புக்கு எல்லாச் செலவும் சேர்த்து 2,600. மூணும் தனித்தனியா ஓடினா 7,800.

பலா வண்டியே திரும்பும்போது மளிகையை ஏத்திட்டு வந்தா? கூட கொஞ்சம் டீசல், ஏத்துக்கூலி, காத்திருக்கற நேரம்னு 3,100 ஆகும். தனித்தனியா ஓடினா 5,200. மிச்சம் 2,100. வாழை வண்டி ஏத்திட்டு வந்தாலும் அதே 2,100. பலாவும் வாழையும் மட்டும் சேர்ந்தா பிரயோஜனம் இல்ல, ரெண்டுமே இறங்கற புல் லோடு. மூணு பேரும் சேர்ந்தாலும் மிச்சம் 2,100தான், ஏன்னா ஏறுற லோடு ஒண்ணே ஒண்ணு. (வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் அடிச்ச மலை இது. ஒரே டிரிப்புல ரெண்டு லோடு அடிக்க முடியாதா?)

இந்த 2,100 யார் பாக்கெட்டுலேர்ந்தும் எடுத்தது இல்லைங்கறதைக் கவனிங்க. வியாபாரிகிட்ட கூடுதலா வாங்கல. வீணா எரிஞ்ச டீசலும் வீணா போன நேரமும்தான் காசா திரும்பி வருது. விலையை ஏத்தி வர்ற காசுக்கும் இதுக்கும் அதான் வித்தியாசம்.

இப்போ இதைப் பங்கு போடணும். ஆளுக்கு 700? பாக்க நியாயமா இருக்கு. ஆனா பலாக்காரர் மளிகைக்காரரைத் தனியா கூப்பிட்டு, "வாழையைக் கழட்டி விடுவோம். நீ 1,200 வச்சுக்க, எனக்கு 900"ம்பாரு. இது காதுல விழுந்ததும் வாழைக்காரர், "எனக்கு 500 போதும், மிச்சம் நீங்க எடுத்துக்கங்க". பலா, "எனக்கு 200". இப்படியே போனா பலாவுக்கும் வாழைக்கும் பூஜ்யம், மளிகைக்கு 2,100. அங்க வந்துதான் நிக்கும். யாரும் பிச்சுக்கிட்டுப் போக முடியாத பங்கீடுன்னு கேம் தியரிக்காரங்க சொல்ற "கோர்", இந்த ஆட்டத்துல அது ஒண்ணுதான். எது பத்தாக்குறையா இருக்கோ அதை வச்சிருக்கறவருக்கே மொத்தமும்.

மளிகை வண்டி இடத்துல புக்கிங் ஆபீஸ் புரோக்கரை வச்சுப் பாருங்க. நாமக்கல் லாரிக்காரர் ஏன் ஊர் திரும்பினா போதும்னு வர்றாருன்னு புரியும். அந்த இடத்துல என் ஆப்பை வச்சுப் பாருங்க. "மேலும் 11 வண்டிகள் காத்திருக்கின்றன." கோரை நோக்கி ஓடற ஆட்டத்தை நான் இன்னும் வேகமா ஓட விட்டிருக்கேன்.

1953ல லாயிட் ஷேப்லின்னு ஒருத்தர் வேற வழி சொன்னாரு. (2012ல நோபல் வாங்கினாரு.) மூணு பேரும் ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள வர்றாங்கன்னு வச்சுக்கங்க. ஒருத்தர் உள்ள வந்ததால மிச்சம் எவ்ளோ கூடுதோ அது அவருக்கு. வர்ற வரிசை ஆறு விதமா இருக்கலாம். ஆறுக்கும் சராசரி எடுங்க. மளிகை ரெண்டாவதாவோ மூணாவதாவோ வந்தா 2,100ம் அவர் கணக்குல. அது ஆறுல நாலு தடவை. அதனால அவருக்கு 1,400. பலாவுக்கு எப்போ? மளிகை முதல்ல வந்து, அடுத்து பலா வந்தா மட்டும். ஆறுல ஒரு தடவை, அதாவது 350. வாழைக்கும் அதே 350. மொத்தம் 2,100, சரியா வருதா?

பத்தாக்குறை சரக்கு வச்சிருக்கறவருக்கு அதிகம், மத்தவங்களுக்குப் பூஜ்யம் இல்ல. எனக்கு இது நியாயமாப் படுது. இதை நடைமுறையில கொண்டு வர கம்ப்யூட்டர் கூட வேண்டாம். முறை வச்சா போதும். இந்த டிரிப் பலாவுக்கு ரிட்டர்ன் லோடு, அவருக்கு 700. அடுத்த டிரிப் வாழைக்கு 700. சராசரி ஆளுக்கு 350. நோபல் வாங்கின ஷேப்லியோட இந்தக் கணக்கு, நம்ம ஊர் ஸ்டாண்டுல "இன்னைக்கு யார் முறை?"ங்கற கேள்விக்குள்ளயே இருக்கு!

ஆனா ஒரு ஓட்டை. அந்தப் பங்கீட்டுல மளிகையும் பலாவும் சேர்ந்து வாழையைக் கழட்டி விட்டா அவங்க ரெண்டு பேருக்கும் லாபம்தான். ஒரே ஒரு நாள் ஆட்டமா இருந்தா கண்டிப்பா கழட்டி விடுவாங்க. நாளைக்கும் நாளான்னிக்கும் அதே ஆளுங்க முகத்துல முழிக்கணும்னா? இன்னைக்கு முறை இல்லாத வாழைக்காரர், "நான் 400க்கே ஏத்திக்கிறேன்"னு குறுக்க வந்தா கையில 400. ஆனா மத்தவங்க அவரை முறையிலேர்ந்து தூக்கிட்டா டிரிப்புக்கு 350 போச்சு. ரெண்டே டிரிப்புல சம்பாதிச்சதை விட இழந்தது அதிகம். ராபர்ட் ஆக்ஸல்ராட் 1984ல ஒரு முழுப் புத்தகமே இதைப் பத்தி எழுதினாரு. நமக்குப் புத்தகம் தேவையில்ல, வீட்டு பீரோவுல மொய் நோட்டு இருக்கு. யார் எவ்ளோ செஞ்சாங்க, நாம எவ்ளோ திருப்பிச் செய்யணும்னு முப்பது வருசக் கணக்கு. கோர்ட் இல்ல, பாண்டு பேப்பர் இல்ல, இருந்தாலும் மொய் திரும்பி வருது.

"எல்லாம் சரி, மளிகைக்காரர் ஏன் ஒத்துக்கணும்? வெட்டுக்குத்து நடந்தா அவருக்கு 2,100 ஆச்சே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சபாஷ். நானும் இங்கதான் ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டேன். பதில் சீசன்ல இருக்கு. பலா சீசன்ல இறங்கற லோடு ஏகப்பட்டது, ஏறுற லோடு கம்மி. அதனால மளிகை ராஜா. பலா முடிஞ்சதும்? கடைக்கு அரிசி, பருப்பு வாரா வாரம் ஏறியே ஆகணும், ஆனா இறங்கறதுக்கு லோடு இருக்காது. அப்போ ஏறுற லோடு வச்சிருக்கற நாலு பேர் ஒரே ஒரு இறங்கற வண்டிக்கு அடிச்சுக்குவாங்க. அன்னைக்கு பூஜ்யம் மளிகைக்கு. வருசம் முழுக்கப் பாத்தா இன்னைக்கு 700 விட்டுக் குடுக்கறது, நாளைக்கு மழையில நனையாம இருக்கறதுக்கான பிரீமியம்.

இந்த மாதிரி பெரிய இடத்துலயும் நடக்குதுங்க. கப்பல் கம்பெனிகளும் நம்மள மாதிரியேதான் ஆரம்பிச்சாங்க. 1875ல கல்கத்தா ரூட்டுல "கான்பரன்ஸ்"னு சேர்ந்து கட்டணத்தை நிர்ணயம் பண்ணினாங்க. நூறு வருசத்துக்கு மேல ஓடின அந்த ஏற்பாட்டை ஐரோப்பிய யூனியன் 2008 அக்டோபரோட தடை பண்ணிடுச்சு. இப்போ நடக்கறது வேற: கட்டணம் அவங்கவங்க வச்சுக்குவாங்க, கப்பல்ல இடத்தை மட்டும் பகிர்ந்துக்குவாங்க. 2025 பிப்ரவரியில மெர்ஸ்கும் ஹபாக் லாய்டும் சேர்ந்து ஆரம்பிச்ச ஜெமினி கூட்டணி இந்த வகைதான். தரைப் போக்குவரத்துல, 2011லேர்ந்து 2014 வரை ஐரோப்பாவுல சி.ஓ.3ன்னு ஒரு திட்டம். லாரியில இடத்தைப் பகிர்ந்துக்கற கம்பெனிகளுக்கு நடுவுல மிச்சத்தைப் பங்கு பிரிக்க ஷேப்லி கணக்கையே பரிந்துரைச்சாங்க. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க: கணக்கை வச்சுக்க எந்தப் பக்கமும் சேராத ஒரு பொது ஆள் வேணும்.

அந்தப் பொது ஆள் விஷயம் ரொம்ப முக்கியம். மொய் நோட்டு யார் கையில? புரோக்கர் கையில இருந்தா அவர் சாமர்த்தியமா முறையை மாத்துவாரு. ஆப் கம்பெனி கையில இருந்தா என்ன ஆகும்னு, கேக் சாப்பிட்டவன் சொல்றேன், கேட்டுக்கங்க. ஏலத்துல கமிஷன் வாங்கற கம்பெனிக்கு வண்டிக்காரங்க ஒத்துழைச்சா நட்டம். என் சாய்ஸ் வண்டிக்காரங்களே சம்பளம் குடுத்து வைக்கற ஒரு கணக்குப்பிள்ளை, இல்லைன்னா ஒரு கூட்டுறவுச் சங்கம். மலையில பழங்குடி மக்களுக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கம் ஏற்கனவே இருக்கு, மிளகும் காப்பியும் அதுக்குப் புதுசில்ல. வண்டியும் ஏன் அதுல ஒரு நோட்டுப் போடக் கூடாது?

இது நாமக்கல் முழுக்க நாளைக்கே நடக்கும்னு ஜல்லியடிக்க மாட்டேன். (ஜல்லி லோடுக்கும் வாடகை கம்மிதான்.) மலையில இது நடக்கலாம்னு நான் நம்பறதுக்குக் காரணம், அங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எல்லாரும் அதே 70 வளைவுல தினமும் சந்திச்சாகணும். 2009ல நோபல் வாங்கின எலினார் ஆஸ்ட்ரம் உலகம் பூரா மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய்னு சுத்தி இதே மாதிரித்தான் பாத்தாங்க: எல்லை தெளிவா இருக்கணும், விதியை அவங்களே போட்டுக்கணும், ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க முடியணும், தண்டனை சின்னதுலேர்ந்து ஆரம்பிக்கணும். முதல் தப்புக்கு ஒரு முறை கட், ரெண்டாவது தப்புக்கு ஒரு மாசம் கட். எடுத்தவுடனே ஆளை ஒதுக்கி வச்சா கூட்டம்தான் உடையும். நாமக்கல்ல இதே மாதிரி ஒரே ரூட்டு, ஒரே சரக்கு ஓட்டற சின்னச் சின்னக் குழுவா ஆரம்பிக்கலாம்.

இதுல எனக்கே உறுத்தற விஷயமும் உண்டு. முறை வைக்கற கூட்டம், புதுசா வண்டி வாங்கி வர்ற பையனை உள்ள விடாம கதவை மூடிக்கறது ரொம்ப சுலபம். பஞ்சாப்ல அதான் நடந்துது. அதனால விதியில முதல் வரியே "யார் வேணா சேரலாம்"னு இருக்கணும். ரெண்டாவது வரி, "வாடகை அவங்கவங்க இஷ்டம்". ரிட்டர்ன் லோடும் மிச்சக் காசும் மட்டும்தான் பொது.

மலையிலேர்ந்து இறங்கும்போது அண்ணன்கிட்ட இந்த 350 கணக்கை முழுசா சொன்னேன். ஒரு எட்டு வளைவு வரைக்கும் பேசாம ஓட்டினாரு.

"கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா அஞ்சாந்தேதி டியூ. அன்னைக்கு என் முறை இல்லைன்னா நானே குறுக்க போவேன்."

அது உண்மை. நாளைய 350ஐ விட இன்னைய 400 பெருசாத் தெரியற ஆள் பேராசைக்காரர் இல்ல, டியூ கட்ட வேண்டியவர். அதனால முறை நோட்டோட ஒரு சின்னச் சீட்டும் சேர்ந்து ஓடணும்னு இப்போ நினைக்கிறேன். மிச்சக் காசுல கொஞ்சம் பொதுவுல போட்டு, டியூ தேதியில கை கடிக்கறவருக்கு முன்கூட்டியே குடுத்துடணும். இதைச் சொன்னதுக்கு அண்ணன், "அப்படின்னா நம்ம பையனையும் கூப்பிட்டுப் பேசிப் பாக்கலாம்"னாரு. 2,600 சொன்னாரே, அவரைத்தான்.

அந்த ரெண்டு வண்டிக்கும் மளிகைக்கும் ஒரு சின்னக் கணக்கு நோட்டு மாதிரி, போன்ல ஓடறாப்ல எழுதிக்கிட்டு இருக்கேன். ஏலம் கிடையாது. ஸ்கிரீன்ல ஒரே ஒரு வரிதான் பெருசா வரும்: "இன்னைக்கு யார் முறை". எத்தனை வண்டி காத்திருக்குன்னு மட்டும் காட்டாது.

உங்க ஊர் வேன் ஸ்டாண்டு, ஆட்டோ ஸ்டாண்டு, டெம்போ ஸ்டாண்டுல முறை எப்படி ஓடுது, யார் நோட்டு வச்சிருக்காங்க, முறையை மீறினா என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சா வந்து சொல்லிட்டுப் போங்க. நிஜமாவே தேவைப்படுது.

டிஸ்கி: பலாப்பழம் வாங்கிட்டு வந்தியான்னு கேக்கறவங்களுக்கு, வாங்கினேன். அண்ணன் வாடகை கேக்கல. மொய் நோட்டுல எழுதி வச்சிருக்கேன் :-)